மார்க்கர் வேலையில் முப்பத்திரண்டு ஆண்டுகள்: பிட்ச்சைத் தயார் செய்வது உருளையா, தண்ணீரா?

உருளைக்காரர் எழுதியது:

சென்ற மாதம் பேரனின் பள்ளிக் கிரிக்கெட் ஆட்டத்தைப் பார்க்கப் போயிருந்தேன். முதல் ஓவரிலேயே ஒரு பந்து தரையோடு ஊர்ந்து வந்து மட்டை பிடித்த பையனின் கணுக்காலில் பட்டது. அடுத்த ஓவரில், ஏறத்தாழ அதே இடத்தில் விழுந்த பந்து அவனுடைய தோள் வரைக்கும் எழும்பியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், “உருளையை ஒழுங்காக உருட்டவில்லை” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வேர்க்கடலையைத் தொடர்ந்தார். நான் அங்கே ஒன்றும் பேசவில்லை. அவருக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

1987-இல் மதுரையில், வைகையின் வடகரையில் உள்ள ஒரு கல்லூரியில் தினக்கூலியாக நுழைந்து, பிறகு மார்க்கராக நிரந்தரம் பெற்று, 2019-இல் ஓய்வு பெற்றேன். இப்போது தொலைக்காட்சியில் க்யூரேட்டர் என்கிறார்கள். கல்லூரிச் சம்பளப் பட்டியலில் எங்கள் பதவியின் பெயர் மார்க்கர்தான். கோடு போடுகிறவர் என்று பொருள். அந்த வேலையில் கோடு பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது, மீதியெல்லாம் மண்.

எனக்கு முன்பு அந்த மைதானத்தைக் கவனித்துவந்த பெரியவர் முதல் ஓராண்டுக்கு என்னை உருளையின் பக்கமே விடவில்லை. தண்ணீர்க் குழாயைப் பிடிப்பது, கோரை பிடுங்குவது, நனைந்த சாக்குகளை வெயிலில் விரிப்பது ஆகியவை மட்டுமே என் பங்கு. அவரிடம் சாணை பிடித்துப் பிடித்து அரை விரல் அகலத்துக்குச் சிறுத்துப்போன ஒரு கத்தி இருந்தது. விடியற்காலையில் ஸ்டம்புக்குப் பின்னால், பந்து விழ வாய்ப்பில்லாத ஓரிடத்தில் அதை மெதுவாக இறக்குவார். உருவி எடுத்த அலகைத் தட்டையாகத் தன் கன்னத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு சிறிது நேரம் கண்ணை மூடியிருப்பார். எவ்வளவு நீளத்துக்குக் கன்னம் குளிர்கிறதோ, அவ்வளவு ஆழத்துக்கு மண்ணில் ஈரம் இருக்கிறது என்பது கணக்கு. முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பத்து ஆண்டுகள் கழித்து நானும் அதே கத்தியோடு அதே இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன்.

உருளை செய்வது ஒரே ஒரு காரியம். மண்துகள்களுக்கு நடுவே உள்ள காற்றை வெளியேற்றி அவற்றை நெருங்கி உட்காரச் செய்கிறது. அதற்கு மண் இளகியிருக்கவும் வேண்டும், குழைந்துவிடவும் கூடாது. கொழுக்கட்டை பிடிக்கும் மாவின் பக்குவம் என்று பெரியவர் சொல்வார். அந்தப் பக்குவத்துக்கு முன்பே உருட்டினால் மண் உருளையோடு ஒட்டிக்கொண்டு பெயர்ந்து வரும். அதைத் தாண்டிய பிறகு உருட்டினால் காலையிலிருந்து மாலை வரை ஓசை மட்டும்தான் கேட்கும், மண் அசையாது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டமென்றால் அதற்கு முந்தைய வாரத்து வியாழக்கிழமையே, வயலுக்குச் செய்வதுபோல் ஓரங்களில் சிறு வரப்பு எடுத்துத் தண்ணீர் கட்டுவோம். நான்கு அங்குலம் வரை ஈரம் இறங்கவேண்டும். மறுநாள் சாக்கைப் போர்த்தி அப்படியே விட்டுவிடுவோம். பெருவிரலால் அழுத்தும்போது பள்ளம் விழுந்து, ஆனால் விரலில் மண் ஒட்டாமல் வரும் நாளில், இரண்டு பேர் தள்ளும் சின்ன உருளையை முதலில் இறக்குவோம். பெரிய உருளை ஏறத்தாழ ஒரு டன் இருக்கும். அதற்கு ஏழெட்டுப் பேர் வேண்டும். வகுப்புக்கு வராத மாணவர்களை உடற்கல்வி இயக்குநர் எங்களிடம் அனுப்பிவைப்பார். அந்த வகையில் வகுப்புக்கு வராதவர்கள்தான் எங்கள் பிட்ச்சுக்கு அதிகம் உழைத்தவர்கள். ஒவ்வொரு நாளும் கத்தி சொல்வதைப் பார்த்துச் சற்றே தண்ணீர் தெளிப்பதா, வெயிலுக்கு விடுவதா, சாக்கால் மூடுவதா என்று முடிவு செய்யவேண்டும். சித்திரை வெயிலில் மூன்று நாளில் காய்ந்துவிடும் மண், ஐப்பசியில் பத்து நாள் ஆனாலும் காயாது. ஆகவே நாட்கணக்கை யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

நேரமில்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்றால், மேலே ஓர் அரை அங்குலத்தை மட்டும் நனைத்து அன்றைக்கே பளபளவென்று உருட்டிவிடுவார்கள். பார்க்க மிக அழகாக இருக்கும். ஆனால் அந்த மேல்தோல் கீழ்மண்ணோடு சேராமல் அப்பளம்போலத் தனியாக நிற்கும். பந்து விழும்போது ஓரிடத்தில் அமுங்கும், ஓரிடத்தில் உதறும். பேரனின் ஆட்டத்தில் நான் பார்த்தது அதுதான். அங்கே உருளை நன்றாகவே உருண்டிருந்தது. தண்ணீர்தான் உள்ளே போகவில்லை.

பிட்ச்சைத் தயார் செய்வது தண்ணீர், உருளை அதற்குக் கையாள் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் எழுதலாம்.

இடக்கைச் சுழல் எழுதியது:

ஐயா, நான் 1990-களில் மதுரை லீக் ஆட்டங்களில் பந்து வீசியவன். தண்ணீரா உருளையா என்ற கேள்விக்கு முன்னால் எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது: தண்ணீர் விடுவதா வேண்டாமா என்பதை உண்மையில் முடிவு செய்தவர் யார்? 1988 ஜனவரியில் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகத் தன் முதல் டெஸ்ட்டிலேயே இந்தியச் சுழல் வீச்சாளர் ஹிர்வானி 136 ஓட்டங்களுக்கு 16 விக்கெட்டுகளை எடுத்தார். அந்த ஆட்டத்தின் கதையை வானொலியில் கேட்டுத்தான் நான் சுழல் வீச வந்தேன். அப்படி ஒரு பிட்ச் எனக்கும் ஒருநாள் கிடைக்கும் என்று நம்பினேன். கிடைத்ததெல்லாம் சிமெண்ட் களம் போன்றவை. ஒருமுறை ஆட்டத்துக்கு முந்தைய மாலையில், உள்ளூர் அணியின் தலைவர் மார்க்கரின் தோளில் கை போட்டுக்கொண்டு பிட்ச்சின் நீளத்துக்கும் நடந்ததை நானே பார்த்தேன். மறுநாள் நாங்கள் 38 ஓவர் வீசி இரண்டே விக்கெட்டுகள் எடுத்தோம். மண்ணைப் பற்றி நீங்கள் சொல்வது அனைத்தும் சரியாக இருக்கலாம். ஆனால் மார்க்கர் சுதந்திரமாக இருந்தாரா என்பதையும் சொல்லுங்கள்.

மேலூர் மைதானம் எழுதியது:

வணக்கம் ஐயா. நான் மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் மைதானத்தைக் கவனித்து வருகிறேன். எனக்கு இதில் இரண்டு ஆண்டு அனுபவம்தான். எங்கள் மண் செம்மண். கண்மாய் மண் கொஞ்சம் கலந்தது. முதல் அரைமணி நேரம் நன்றாக இருக்கிறது. அதற்குப் பிறகு பந்துவீச்சாளர் கால் வைக்கும் இடமும், பந்து விழும் இடமும் பொடிப்பொடியாகிப் புழுதி கிளம்புகிறது. மேலே இரண்டு அங்குலத்துக்குக் கரிசல் மண்ணைப் போட்டு உருட்டிவிட்டால் கெட்டியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். ஒரு டிராக்டர் கரிசலுக்குப் பள்ளியில் ஒப்புதலும் வாங்கிவிட்டேன். செய்யலாமா?

கரிசல்காட்டான் எழுதியது:

மேலூர்த் தம்பிக்கு: நான் திருமங்கலத்துக்குத் தெற்கே பருத்தியும் சோளமும் போடுகிறவன், மட்டை பிடித்துப் பழக்கமில்லை. ஆனால் கரிசலை எனக்குத் தெரியும். மழையில் அது வீங்கும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். எங்கள் வீட்டுச் சுவரே ஆண்டுக்கு ஒருமுறை வாயைத் திறந்து மூடுகிறது. செம்மண் அப்படிச் செய்யாது. கீழே நகராத மண்ணை வைத்து மேலே நகர்கிற மண்ணைப் போட்டால் இரண்டும் எப்படிச் சேர்ந்து இருக்கும் என்று எனக்குப் புரியவில்லை. மண் வேண்டுமானால் என் காட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். ஆனால் போடுவதற்கு முன்னால் பெரியவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உருளைக்காரர் எழுதியது:

மேலூர்த் தம்பிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டிராக்டர் வந்துவிட்டால் திருப்பி அனுப்புவது கடினம். தயவுசெய்து போடாதீர்கள். கரிசல்காட்டார் தன் வீட்டுச் சுவரை வைத்துச் சொன்னதற்கு மேல் ஒரு பொறியாளர்கூடச் சொல்ல முடியாது. கரிசலில் உள்ள களி, தண்ணீரை உள்ளே வாங்கி விரிந்து, காயும்போது சுருங்கும் வகையைச் சேர்ந்தது. செம்மண்ணின் களி அந்த அளவுக்கு விரிவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. ஒன்றின் மேல் ஒன்றை அடுக்கினால் முதல் கோடையிலேயே இரண்டுக்கும் நடுவே பிளவு விழும். நான் முதல் பதிவில் சொன்ன அப்பளத்தை நீங்களே காசு கொடுத்து வாங்கியதாகிவிடும். பிளந்தபின் எவ்வளவு கனமான உருளையாலும் அதை ஒட்டவைக்க முடியாது. தோண்டி எடுப்பது ஒன்றே வழி.

இரண்டு மண்ணிலும் நல்ல பிட்ச் அமைக்கலாம். சேப்பாக்கத்தில் இரண்டு வகையும் தனித்தனியாக இருக்கின்றன. 2024 செப்டம்பரில் வங்கதேசத்தோடு நடந்த டெஸ்ட்டைச் செம்மண் பிட்ச்சில்தான் ஆடினார்கள். செம்மண்ணில் பந்து நன்றாக எழும்பும், மேற்பரப்பு உதிரத் தொடங்கியதும் சுழலும். கரிசலில் பந்து சற்றுத் தாழ்ந்தும் மெதுவாகவும் வரும், வெடிப்பு விழும். வெடிப்பைக் கண்டு பயப்படுவார்கள். ஆனால் வெடிப்புகளுக்கு நடுவே உள்ள கட்டி அசையாமல் இருக்கும்வரை ஆட்டத்துக்கு ஆபத்தில்லை. அந்தக் கட்டியைப் பிடித்துக்கொண்டிருப்பது புல்லின் வேர். வெளிநாட்டிலிருந்து விதை வரவழைக்கும் பெர்முடா புல் என்கிறார்களே, அது பிள்ளையாருக்குச் சாத்தும் நம் அறுகுதான். அறுகுபோல் வேரூன்றி என்று மணமக்களை வாழ்த்துகிறோம். வாழ்த்தியவர்களில் எத்தனை பேர் ஓர் அறுகைப் பிடுங்கிப் பார்த்தார்களோ! பிட்ச்சில் புல்லைச் சுத்தமாகச் சுரண்டி எடுப்பவர்கள் அந்த வேரையும் கொன்றுவிடுகிறார்கள். மேலே ஐந்தாறு மில்லிமீட்டர் வைத்து வெட்டி, கீழே வேரை வாழவிடவேண்டும்.

இப்போது உங்கள் மண்ணுக்கு வருகிறேன். இரண்டு சோதனைகள் செய்து பாருங்கள், இரண்டுக்கும் காசில்லை. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, தண்ணீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி அசையாமல் வைத்துவிடுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்காரும். வண்டல் சில மணி நேரத்தில் அதற்கு மேல் படியும். களி மறுநாள் வரைக்கும் தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருந்துவிட்டுக் கடைசியாகப் படியும். எந்த அடுக்கு எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள். அடுத்தது, மண்ணைப் பிசைந்து நெல்லிக்காய் அளவுக்கு உருண்டைகள் பிடித்து நிழலில் நான்கைந்து நாள் காயவிடுங்கள். காய்ந்த உருண்டையைத் திண்ணை மேல் வைத்து, குதிகாலால் மெதுவாக ஏறி நில்லுங்கள். கால் வைத்த உடனே பொடியானால் களி போதாது. உங்கள் எடையைத் தாங்கிய பிறகு உடைந்தால், அல்லது உடையவே இல்லையென்றால், குறை மண்ணில் இல்லை, தண்ணீர் விட்ட முறையில் இருக்கிறது.

இடக்கைச் சுழல் கேட்டதை நான் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. சுதந்திரம் என்பது பெரிய சொல். தலைவர்கள் கேட்பார்கள், பயிற்சியாளர் கேட்பார், சிலமுறை ஆட்டத்தையே பார்க்காத அலுவலகத்து ஆள்கூட வந்து கேட்பார். தோளில் கை போடுவார்கள் என்பது உண்மை. நான் எல்லோருக்கும் சரி என்று தலையாட்டிவிட்டு, கத்தி சொன்னதையே பெரும்பாலும் செய்தேன். ஏனென்றால் அவர்கள் கேட்டதைச் செய்துகொடுக்கும் அளவுக்கு மண் யாருக்கும் கட்டுப்பட்டதில்லை. ஆனால் இரண்டு மூன்று முறை, பந்து திரும்பும் என்று தெரிந்தே, மாலையில் தண்ணீர் தெளித்து இறுக்கியிருக்கிறேன். உங்கள் 38 ஓவர் அந்தக் கணக்கில் சேருமானால் என்னை மன்னிக்கவேண்டும்.

வெள்ளைத் தொப்பி எழுதியது:

நடுவராக இருபது ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில், விதியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். டாஸுக்கு முன்பு வரை பிட்ச்சைத் தேர்ந்தெடுப்பதும் தயாரிப்பதும் மைதான நிர்வாகத்தின் பொறுப்பு. ஆட்டம் தொடங்கிவிட்டால் அதன் பயன்பாடும் பராமரிப்பும் நடுவர்களின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும். பிட்ச்சுக்குத் தண்ணீர் விடவே கூடாது. மட்டை பிடிக்கப்போகும் அணியின் தலைவர் கேட்டால், முதல் இன்னிங்ஸ் தவிர மற்ற இன்னிங்ஸ்களின் தொடக்கத்திலும், ஒவ்வொரு மறுநாள் காலையிலும், அதிகபட்சம் ஏழு நிமிடம் உருட்டலாம். எந்த உருளை என்பதையும் அவரே சொல்லலாம். அதாவது, விதிப்புத்தகம் தண்ணீரைத் தடுத்துவிட்டு உருளையை மட்டும் அனுமதிக்கிறது. உருளைக்காரர் ஐயாவின் கட்சிக்கு இது சாதகமா பாதகமா என்று நான் நீண்ட நேரம் யோசித்தேன். ஏழு நிமிடத்தில் உருளையால் பெரிதாக ஒன்றையும் மாற்ற முடியாது என்பதால்தான் அனுமதித்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

பொறுப்பு எவ்வளவு பெரியது என்பதற்கு 2009 டிசம்பர் 27 ஒரு சாட்சி. டெல்லி பெரோஸ் ஷா கோட்லாவில் இந்தியாவும் இலங்கையும் மோதிய ஒருநாள் ஆட்டம், பிட்ச் ஆபத்தானது என்று பாதியிலேயே கைவிடப்பட்டது. அவ்வளவு பெரிய மைதானத்துக்கே அந்த நிலை என்றால், மூன்று பேரை வைத்துக்கொண்டு ஒரு கல்லூரி மார்க்கர் சமாளித்ததை நாம் கொஞ்சம் மதிக்கவேண்டும்.

நார்ப்பாய் எழுதியது:

எங்கள் சிங்கம்புணரிப் பக்கத்துப் பள்ளிகளில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. நாங்கள் தேங்காய் நார்ப் பாயில் ஆடி வளர்ந்தவர்கள். பாயை இறுக்கி ஆணி அடித்தால் பந்து எழும்பும், தளர்த்தி அடித்தால் பிடித்துத் திரும்பும். எங்கள் அணியில் எந்த ஆணி எங்கே என்பது தெரிந்தவர்தான் தலைவர். பேச்சு மண்ணைப் பற்றியது என்பதால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கோரை பிடுங்கியவர் மகள் எழுதியது:

ஐயாவின் முதல் பதிவில் கோரை பிடுங்குவது பற்றி ஒரு சொல் வந்ததால் எழுதுகிறேன். என் அம்மா பதினெட்டு ஆண்டுகள் மதுரையில் இரண்டு மைதானங்களில் தினக்கூலிக்குக் களை எடுத்தார். எட்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கல்யாண வீட்டில் பந்தி நகர்வதுபோல் ஓர் எல்லைக் கோட்டிலிருந்து மறு எல்லைக் கோடு வரை நகர்ந்துகொண்டே போவார்கள். வெயிலுக்குத் தலையில் ஈரத்துண்டு. பள்ளி விட்டு வரும்போது அம்மா எந்த இடத்தில் இருக்கிறார் என்பதை வைத்து மணி என்ன என்று சொல்லிவிடுவேன். அணிகள் கோப்பையோடு எடுத்துக்கொண்ட படங்கள் அந்த மைதானத்தின் அறையில் வரிசையாக மாட்டப்பட்டிருந்தன. மார்க்கர்கூட ஓரிரு படங்களில் ஓரமாக நிற்பார். பெண்கள் ஒருவரும் இல்லை.

2023 செப்டம்பர் 17 அன்று கொழும்பில் நடந்த ஆசியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்திய வேகப்பந்து வீச்சாளர் சிராஜ் 21 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள் எடுத்து, ஆட்ட நாயகனுக்கான 5,000 டாலர் பரிசை மைதானப் பணியாளர்களுக்குக் கொடுத்தார். மறுநாள் அந்தச் செய்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “அதில் களை எடுக்கிறவர்களுக்கும் பங்கு உண்டா என்று போட்டிருக்கிறதா?” என்று கேட்டார். போட்டிருக்கவில்லை.

உருளைக்காரர் எழுதியது:

அம்மா, தங்கள் தாயாரின் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. எங்கள் மைதானத்தில் களை எடுத்த பெண்களிடமிருந்து நான் கற்றதைச் சொல்வது ஒன்றே என்னால் முடிந்தது. கோரையை இலையைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். ஒரு வாரத்தில் அதே இடத்தில் இரண்டாக முளைக்கும். மண்ணுக்கடியில் கிழங்குக்குக் கிழங்கு நூல்போல ஒரு தொடர்பு ஓடுகிறது. எங்களிடம் வேலை செய்த ஓர் அம்மா சாக்குத் தைக்கும் கோணியூசியை வைத்துக்கொண்டு, கிழங்கைச் சுற்றி மூன்று இடத்தில் குத்தி நெகிழ்த்தி, அந்த நூலையும் சேர்த்து முழுதாக எடுப்பார். எடுத்த துளை ஊசி அகலத்துக்கு மேல் இருக்காது. நான் களைக்கொத்தி வைத்து எடுத்த இடங்களில் நெல்லிக்காய் அளவுக்குக் குழி விழும்; அந்தக் குழிகளை அடைக்கவே எனக்கு அரைநாள் போகும். கோணியூசியை அவரிடமிருந்துதான் நான் பழகினேன். மைதானத்துக்கு வந்தவர்கள் அது என் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் பல ஆண்டுகள் அதைத் திருத்தவில்லை.

தண்ணீரைப் பற்றி இவ்வளவு பேசும் நான் தண்ணீரிடம் தோற்ற கதையையும் எழுதவேண்டும். 1996-இல் என்று நினைவு. ஆட்டத்துக்கு முந்தைய நாள், நல்ல புழுக்கம். மாலையில் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. சூடு ஆறாத பிட்ச்சின் மேல் தார்ப்பாயை நேரடியாக இழுத்து மூடி, ஓரங்களில் செங்கல் வைத்துவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். கீழே சாக்கு விரிக்கவேண்டும் என்று பெரியவர் நூறு முறை சொல்லியிருந்தார். சாக்குகள் அன்று நனைந்து கிடந்தன. ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டேன். அன்றிரவு ஒரு சொட்டு மழைகூடப் பெய்யவில்லை. காலை ஆறரைக்குத் தார்ப்பாயைத் தூக்கியபோது அதன் உட்புறம் முழுவதும், இட்லிச் சட்டியின் மூடியைத் திறந்ததுபோல் முத்து முத்தாகத் தண்ணீர். மண்ணிலிருந்து எழுந்த ஆவி போக வழியில்லாமல் தார்ப்பாயில் பட்டு, திரும்பச் சொட்டி, பிட்ச்சின் மேல் அம்மைத் தழும்புபோல் புள்ளி விழுந்திருந்தது. ஒன்பதரைக்கு ஆட்டம். முதல் மணி நேரத்தில் ஆறு விக்கெட்டுகள் விழுந்தன. தோற்ற அணியினர் என்னைத் திட்டியது நியாயம். வென்ற அணியினர் கைகொடுக்க வந்ததைத்தான் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு என் பணிக்காலம் முழுவதும் உலர்ந்த சாக்கு எட்டு, பூட்டிய அறையில், யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன்.

இதைவிட மனதைச் சுட்டது வேறொன்று. ஓர் ஆண்டு விழாவுக்காக, நிர்வாகம் யாரையும் கேட்காமல் பந்தல் போட அனுமதித்தது. பந்தல்காரர்கள் பிட்ச்சின் நட்டநடுவே நான்கு கால் நட்டுவிட்டார்கள். கடப்பாரை போட்ட இடத்தைப் பழையபடி ஆக்குவதற்கு, குழியின் சுவரைச் செதுக்கி, அதே மண்ணை ஈரப்பதமாக்கி, இரண்டு இரண்டு அங்குலமாகப் போட்டுத் திமிசால் இடித்து, ஒவ்வொரு அடுக்குக்கும் மேல்பரப்பைக் கீறிவிட்டு அடுத்ததைப் போடவேண்டும். கீறாமல் போட்டால் மறுபடியும் அப்பளம். அந்த நான்கு குழிகளுக்கு எனக்கு ஒரு பருவம் முழுதும் போயிற்று. விழாவுக்கு வந்தவர்கள் இரண்டு மணி நேரம் இருந்தார்கள்.

என் வேலையில் கோடு பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது என்று சொன்னதற்கு வெள்ளைத் தொப்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. பிட்ச்சின் நீளம் 22 கெஜம், ஸ்டம்பு நிற்கும் கோடு 8 அடி 8 அங்குலம், அதற்கு முன்னால் மட்டை பிடிப்பவரின் கோடு 4 அடி தள்ளி என்ற அளவுகள் மாறுவதில்லை. நூல் பிடித்து, கொத்தனார் மூலைமட்டம் பார்ப்பதுபோல் 3, 4, 5 என்று முக்கோணம் கட்டிச் சதுரம் பார்த்துவிட்டால் தீர்ந்தது. நீர்த்த சுண்ணாம்பைக் கொசுவலைத் துணியில் வடிகட்டி, வெள்ளையடிப்பவர்கள் செய்வதுபோல் கொஞ்சம் வஜ்ஜிரப் பசை காய்ச்சிச் சேர்த்தால் கோடு மாலை வரை கலையாது. அவ்வளவுதான்.

இடக்கைச் சுழல் எழுதியது:

மன்னிப்பெல்லாம் வேண்டாம், ஐயா. அந்த 38 ஓவர் உங்கள் மைதானத்தில் நடந்ததில்லை, ஆற்றுக்குத் தென்கரையில். ஆனால் 1996-இல் அந்த ஆறு விக்கெட்டுகளில் மூன்று என்னுடையவையாக இருக்கலாம் என்று ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. காலையில் ஈரமான பிட்ச்சில் புதுப்பந்தைச் சுழல் வீச்சாளனிடம் கொடுத்தார்களே என்று அன்றைக்கு ஆச்சரியப்பட்டது நன்றாக நினைவிருக்கிறது. இவ்வளவு ஆண்டுகளாக அது என் விரல் திறமை என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். இந்தப் பதிவை என் மகன் படிக்காமல் இருக்கவேண்டும்.

வேறொரு கேள்வி. 2025 அக்டோபரில் சிந்தாமணிப் பக்கம் தோனி வந்து திறந்துவைத்த புதிய மைதானத்தைப் பார்த்தீர்களா?

உருளைக்காரர் எழுதியது:

உள்ளே போகவில்லை, ரிங் ரோட்டில் பேருந்திலிருந்து பார்த்ததோடு சரி. 2016-இல் நத்தத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) ஆட்டங்கள் வந்த பிறகும், 2018-இல் மதுரை அணி கோப்பை வென்ற பிறகும், இளைஞர்கள் சிலர் என்னிடம் வந்து இந்த வேலையைக் கற்றுக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். அதற்கு முன்னால் என்னிடம் அப்படிக் கேட்டவர்கள் யாருமில்லை. அதனால் புதிய மைதானம் வருவது எனக்கு மகிழ்ச்சிதான். அங்கே மோட்டார் உருளையும் தானியங்கித் தெளிப்பானும் இருக்கும். கத்தி வைத்திருக்கிறார்களா என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

மேலூர் மைதானம் எழுதியது:

ஐயா, டிராக்டரை நிறுத்திவிட்டேன். பாட்டில் சோதனையில் மணல் ஏறத்தாழப் பாதி வந்தது, வண்டல் சிறிதளவு, மீதி களி. உருண்டைகள் ஆறு பிடித்தேன். இரண்டு என் கால் பட்டதுமே நொறுங்கின. நான்கு தாங்கின, அவற்றில் ஒன்றின் மேல் எங்கள் உடற்கல்வி ஆசிரியர் ஏறி நின்றும் உடையவில்லை. அவர் எடை 82 கிலோ. நொறுங்கிய இரண்டும் பந்துவீச்சாளர் கால் வைக்கும் இடத்து மண்; தாங்கிய நான்கும் நடுப்பகுதி மண். இதற்கு என்ன பொருள்?

உருளைக்காரர் எழுதியது:

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது, தம்பி. நடுவில் உள்ள மண் நல்ல மண். ஓரத்தில் யாரோ முன்பு குழியை ஆற்று மணல் போட்டு அடைத்திருக்கிறார்கள். அந்த இரண்டு இடத்தையும் ஐந்து அங்குலம் வெட்டி எடுத்துவிட்டு, உங்கள் கண்மாய் மண்ணில் களி மிகுந்ததை, உரிய அனுமதியோடு எடுத்துவந்து, சலித்து, நான் பந்தல் குழிக்குச் சொன்னபடி அடுக்கடுக்காகத் திமிசு போடுங்கள். நடுப்பகுதியைத் தோண்டவே வேண்டாம். அங்கே புழுதி கிளம்புவதற்குக் காரணம் நீங்கள் உள்வரை தண்ணீர் விடாததுதான். வரப்புக் கட்டித் தண்ணீர் விடுங்கள். விட்ட நாளையும், மறுநாள் காலை கத்தி எத்தனை அங்குலம் இறங்கியது என்பதையும் சுவரில் கரியால் எழுதிவையுங்கள்.

கரிசல்காட்டார் மண் தருவதாகச் சொன்னதற்கு நன்றி. வேறு யாராவது புதிதாக ஒரு பிட்ச்சைக் கரிசலிலேயே அடியிலிருந்து கட்டினால் உங்களைத் தேடி வருவார்கள்.

மேலூர் மைதானம் எழுதியது:

ஓரங்களை முடித்துவிட்டேன், ஐயா. களை எடுக்கும் அம்மாக்கள் இருவர் திமிசு போட உதவினார்கள். புதன்கிழமை மாலை வரப்புக் கட்டித் தண்ணீர் விட்டேன். இன்று காலை ஆறு மணிக்குக் கத்தி மூன்றரை அங்குலம் இறங்கியது. கன்னத்தில் வைத்தும் பார்த்தேன். முனையிலிருந்து பிடி வரை ஒரே குளிர்ச்சியாகத்தான் தெரிகிறது, வேறுபாடு புரியவில்லை. ஆசிரியர் இன்றே உருட்டலாம் என்கிறார்.

உருளைக்காரர் எழுதியது:

உருட்டவேண்டாம். சாக்கைப் போர்த்திவிட்டு விடுங்கள். காலை ஆறு மணிக்குக் கத்தியே குளிர்ந்திருக்கும். இறக்குவதற்கு முன் சிறிது நேரம் அதை உள்ளங்கையில் பொத்தி வைத்திருக்கவேண்டும். அதைச் சொல்ல மறந்தது என் பிழை. நாளை காலை மாட்டுத்தாவணியில் முதல் மேலூர்ப் பேருந்தைப் பிடித்து வருகிறேன். ஆசிரியரையும் இருக்கச் சொல்லுங்கள். உருளை தள்ள ஆள் குறைவாக இருக்கும்.